கட்டினவன் கனவு

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதரை மணிக்கு வெங்கிடேஷுக்கு மாமனாரிடமிருந்து போன் வரும். ஆரியசாலையில் கோமதிநாயகத்தின் மொத்த வியாபாரக் கடைக்கு அன்றுதான் விடுமுறை. மிளகாய் வற்றல், மல்லி, புளி. கீழே கடை, மேலே வீடு. விடுமுறை நாளிலும் அவர் கீழே இறங்கி வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் பேசுவார். மேலே இருக்கும் மனைவிக்குக் கேட்கக் கூடாது.

“வந்தாளா மாப்ளே?”

“இல்ல மாமா.”

“செரி. சாப்பிட்டியளா?”

“ஆச்சு.”

“மழையா அங்க?”

வெங்கிடேஷ் இருக்கும் கரமனைக்கும் ஆரியசாலைக்கும் நடுவே நாலைந்து பஸ் நிறுத்தங்கள்தான். அங்கே மழையென்றால் இங்கேயும் மழை. வெங்கிடேஷ் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்பான், அல்லது இல்லை என்பான். போன் நின்றுவிடும். பத்து மாதமாக இதுதான் பேச்சு.

வரவேண்டியவள் அவன் மனைவி ஆஷா. அவள் செத்துப் பத்து மாதமாகிறது. வரவேண்டியது வெங்கிடேஷின் கனவில்.

கோமதிநாயகத்தின் முன்னோர்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஊரை விட்டாலும் விடாத வழக்கங்களில் ஒன்று இது. தாலியோடு போய்விட்ட பெண்ணை வீட்டுச்சாமியாக இருத்துவார்கள். கன்னிமூலையில் ஒரு பலகைத் தட்டு, அதன்மேல் ஓலைப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு சேலை, ஒரு ஜோடி வளையல், ஒரு குங்குமச் சிமிழ். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு. வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆனால் நாமாக நினைத்து இருத்திவிட முடியாது. அவள் கேட்க வேண்டும். வருஷம் திரும்புவதற்குள் கட்டினவன் கனவில் வந்து, எனக்கு ஓர் இடம் தாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெற்றவள் கனவு செல்லாது. பெற்றவள் கண்ணை மூடினாலே பிள்ளை வந்து நின்றுவிடும், அதை எப்படி நம்புவது என்று பழைய ஆட்கள் நினைத்திருக்க வேண்டும். கேட்காமலே இருந்துவிட்டவளுக்குப் பெட்டி கிடையாது. அவள் வீட்டுக்கு வெளியே எங்கேயோ நிற்கிறாள் என்று அர்த்தம்.

தட்டில் ஏற்கெனவே இரண்டு பெட்டிகள் இருந்தன. கோமதிநாயகத்தின் பெரியம்மா ஒன்று, அத்தை ஒன்று. மாமியார் மாடம்மாள் பதினாறாம் நாள் கழிந்ததுமே நாகர்கோவிலில் சொல்லி மூன்றாவது பெட்டியை முடைந்து வாங்கிவிட்டாள். பழைய இரண்டையும் நகர்த்தி, நடுவில் இடம் விட்டாள்.

ஆஷா ஒரே மகள். இருபத்தெட்டு வயது. கிழக்கேகோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஆடி மாத மழையில் ஒருநாள் முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து பஸ் ஏறினாள். குதிகாலில் செருப்புக் கடித்த புண் இருந்தது. எட்டு நாள் கழித்துக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்கே மூன்று நாளானது. அதற்குப் பிறகு இரண்டு நாள்தான் இருந்தாள். வெங்கிடேஷ் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன். அரசாங்கத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊர்த் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். இதை யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவனும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. கையில் ஊசி போட்டு மரத்துப்போன இடம் மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது.

கனவு வராமல் இல்லை. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள், ஒரே கனவு. அதில் ஆஷா இல்லை.

ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடம். தகரக்கூரை. மழை சத்தம். அவன் கையில் சாவியோடு நிற்கிறான். வரிசை வரிசையாக ஸ்கூட்டர்கள், எல்லாம் அவனுடைய வண்டியின் சாம்பல் நிறம். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் அவன் வண்டி நம்பரை மலையாளத்தில் வாசிக்கிறது, உடனே எடுக்கச் சொல்கிறது. அவன் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்க்கிறான். எல்லா நம்பரும் அவன் நம்பர் மாதிரியே இருக்கிறது, கடைசி எண் மட்டும் மாறுகிறது. பயம் இல்லை, அழுகை இல்லை. தேடல்தான். தேடிக்கொண்டிருக்கும்போதே விழித்துவிடுவான். ஒருநாள்கூட வண்டி கிடைத்ததில்லை.

ஒருமுறை போனில் அர்த்தம் தேடினான். வண்டி தொலைவது வாழ்க்கையில் திசை தொலைவது என்றது ஓர் இடத்தில். வெளிநாட்டுப் பயணம் என்றது இன்னோர் இடத்தில். மூன்றாவது, சீக்கிரம் சொத்து சேரும் என்றது. அணைத்துவிட்டான். அந்தக் கனவு எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆஷா செத்த அன்று காலை பதினொன்றே காலுக்கு நிஜமாகவே அந்தக் குரல் அவன் நம்பரை வாசித்தது. ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி உள்ளே வர வழியில்லாமல் அவன் ஸ்கூட்டர் நின்றது. இறங்கிப் போனான். வேறு இடம் கிடைக்காமல் இரண்டு சுற்று சுற்றினான். திரும்ப நான்காவது மாடி ஏறி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

மாமியாரிடம் அன்று அவன் சொன்னது வேறு. “நான் பக்கத்துலதான் இருந்தேன் அத்தை. கையப் பிடிச்சிருந்தேன். தூங்குத மாதிரி போயிட்டா.”

அந்த ஒரு வார்த்தையில்தான் மாடம்மாள் பத்து மாதத்தைத் தள்ளினாள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அத்தைக்குக் கிறக்கமாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று மாமனார் கூப்பிட்டார். வெங்கிடேஷ் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆரியசாலைக்குப் போனான். கடையில் லாரி வந்திருந்தது. மிளகாய் நெடி தெருமுனையிலேயே தும்மலை வரவழைத்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சஜி தலையால் ஒரு வணக்கம் வைத்தான். கோமதிநாயகம் லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் சாம்பசிவன் உட்கார்ந்து மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாகச் சரக்குத் தரம் பார்ப்பவர். சரக்கோடு சேர்த்துக் கனவுக்கும் தரம் சொல்வார்.

“வாங்க மாப்ள சார். ஒண்ணு கேக்கட்டா? எந்தப் பக்கம் தல வச்சிப் படுக்கிய?”

“சுவத்துப் பக்கம்.”

“சுவரு நாலு பக்கமும்லா இருக்கு. தெக்கயா வடக்கயா?”

“தெரியல்ல அண்ணாச்சி.”

“ராத்திரி என்ன ஆகாரம்?”

“பரோட்டா.”

“அப்படிச் சொல்லும். பரோட்டா தின்னுட்டுப் படுத்தா கனவுல மாட்டுவண்டி வரும், எரும வரும். பொண்டாட்டி எங்க வருவா?”

மூட்டையைப் போட்டுவிட்டு சஜி நிமிர்ந்தான். “அண்ணாச்சிக்கு டெய்லி பொண்டாட்டிதான் கனவுல. கூவி முழிக்குமாம்.”

“எலே, அது கனவு இல்லடே. நெசமாவே பக்கத்துல நிக்கா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு யார் முன்னால் சிரிக்கிறோம் என்று நினைவு வந்து சாம்பசிவன் மல்லியை ஊதினார். சஜி அடுத்த மூட்டைக்குப் போனான். வெங்கிடேஷுக்குக் கோபம் இல்லை. சிரித்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. முகம் ஒத்துழைக்கவில்லை.

மேலே மாடம்மாள் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்து ஸ்டூலில் தட்டு. சோறு காய்ந்து ஓரம் வெளுத்திருந்தது. அவனைக் கண்டதும் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“கெடந்துக்கிடுங்க அத்தை.”

“நேத்து மத்தியானம் செத்த கண்ணசந்தேன். வந்துட்டா.”

“யாரு?”

“வேற யாரு? கீழ ஷட்டர் முன்னால நிக்கா. தல சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு. உள்ள வாட்டின்னேன். வரமாட்டேங்கா. ‘அவுககிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்மா, அவுக காதுல விழல்ல’ங்கா.”

வெங்கிடேஷ் ஜன்னல் ஓரம் போய் நின்றான்.

“எங்கனவு செல்லாது. அது எனக்கும் தெரியும். ஆனா அவ சொல்லிக்கிட்டே இருக்காளாம். நீங்கதான் மறந்திருப்பிய. முழிச்சதும் போயிரும்லா. நல்லா ஓர்ம பண்ணிப் பாருங்க. ஒரு குரலு, ஒரு நெழலு, ஏதாவது?”

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

“இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு மாப்ளே.”

அவன் தட்டைப் பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பார்த்தான். வளையல் முழங்கை வரை போய்த் திரும்பியது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு வாரம் தள்ளிப்போன தண்ணீர் மாதிரிக்கு முடிவு எழுதவேண்டி வந்தால் கை தயங்கும். இதற்குத் தயங்கவில்லை.

“வந்தா அத்தை.”

மாடம்மாள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். “எப்போ?”

“முந்தாநேத்து.”

“பின்ன ஏன் சொல்லல்ல?”

“நீங்க சொன்ன மாதிரி... மறந்துட்டேன். இப்பதான் ஓர்ம வந்தது.”

“கேட்டாளா?”

“கேட்டா.”

“வாய்விட்டு?”

“எடம் வேணும்னா.”

“எந்தச் சேலையில வந்தா?”

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. எந்த நிறத்தில் வந்தாளோ அந்த நிறச் சேலைதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஆஷா சேலை கட்டி அவன் பார்த்தது வருஷத்துக்கு நாலு நாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைக்காரன் மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் தெரிந்தது.

“நீலம்.”

“நீலமா?”

“ஆமா.”

மாடம்மாள் ஒரு நொடி அவனையே பார்த்தாள். “செரி, நீலம்” என்றாள். பிறகு தட்டை எடுத்துப் போய்க் கழுவிவிட்டு, புதிதாகச் சோறு போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். மோர் ஊற்றி இரண்டாம் தடவையும் சாப்பிட்டாள். வெங்கிடேஷ் கீழே இறங்கியபோது செய்தி அவனுக்கு முன்னால் இறங்கியிருந்தது. கோமதிநாயகம் லாரிக்காரனை அப்படியே விட்டுவிட்டு வந்து மருமகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கையெல்லாம் மிளகாய்த் தூள். பஸ்ஸில் போகும்போது வெங்கிடேஷ் தெரியாமல் கண்ணைத் துடைத்தான், வீடு போய்ச் சேரும்வரை எரிந்தது. பார்த்தவர்கள் அழுகிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

அடுத்து வந்த நாட்கள் வீட்டில் கல்யாணக்களை. சாலை பஜார்க் கடைகளில் ஏறி இறங்கி மாடம்மாளே நீலப்பட்டு எடுத்தாள். மூன்று கடை பார்த்தாளாம், மயில்நீலமா ஆகாசநீலமா என்று அவனுக்கு போன் வந்தது. ஆகாசநீலம் என்றான். இருத்துவதற்கு அடுத்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள். முறை இதுதான். கட்டினவன் தன் கையால் சேலையைப் பெட்டியில் வைத்து, கண்ட கனவைக் கண்டபடி வீட்டார் காதுபடச் சொல்லி, மூடியைப் போட வேண்டும். மூடிய பிறகு அது சாமி. பெட்டியைத் திறப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

அந்த நாட்களிலும் கனவு வந்தது. தகரக்கூரை, சாம்பல் வண்டிகள், கடைசி எண். வேறெதுவும் வரவில்லை. உண்மையாகவே ஒருநாள் வந்துவிட மாட்டாளா, சொன்ன பொய் முன்தேதியிட்ட உண்மை ஆகிவிடாதா என்று படுக்கும்போது நினைத்தான். தலையைத் தெற்கே வைத்துப் பார்த்தான். பரோட்டாவை விட்டுவிட்டுக் கஞ்சி குடித்தான். சாம்பசிவன் கேட்டால் பெருமைப்பட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தான். வீட்டில் நாலே பேர். மாமனார், மாமியார், வழக்கம் தெரிந்தவர் என்பதால் சாம்பசிவன், அப்புறம் அவன். கன்னிமூலையில் கோலம். குத்துவிளக்கு எரிந்தது. பழைய பெட்டிகள் இரண்டும் புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருந்தன. நடுவில் புதுப்பெட்டி வெள்ளைவெளேரென்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. தாம்பாளத்திலிருந்து நீலச்சேலையை எடுத்து மாமனார் அவன் கையில் கொடுத்தார்.

“சொல்லிக்கிட்டே வைங்க மாப்ள சார்” என்றார் சாம்பசிவன் மெதுவாக.

அவன் குனிந்தான். அப்போது மாடம்மாள் கேட்டாள், முறைக்கு இல்லாத ஒரு கேள்வி. ஆசைக்குக் கேட்டது.

“மொகம் எப்படி இருந்தது? அந்த வீக்கம் அப்படியேதான் இருந்துதா, வடிஞ்சிருந்துதா?”

கடைசி இரண்டு நாள் ஆஷாவின் முகம் வீங்கி, கண் மஞ்சளாகி, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. வடிஞ்சிருந்தது அத்தை, பழைய மாதிரி இருந்தா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். வடிந்த முகம் எப்படியிருக்கும் என்று மனசுக்குள் தேடினான். வரவில்லை. தகரக்கூரையில் மழை பெய்கிற சத்தம்தான் வந்தது.

“பாக்கல்ல” என்றான்.

“மொகம் தெரியல்லையா?”

“கனவே இல்ல அத்தை. அவ வரல்ல. ஒரு நாளும் வரல்ல.”

சேலை இன்னும் அவன் கையில் இருந்தது. கோமதிநாயகம் காது கேட்காதவர் மாதிரி தலையைச் சாய்த்தார். “என்ன சொல்லுதீரு?”

அவன் சொன்னான். வரும் கனவைச் சொன்னான். நம்பரை வாசிக்கும் குரலைச் சொன்னான். அன்று இறங்கிப் போனதையும் திரை மூடியிருந்ததையும் சொன்னான். கையைப் பிடித்திருந்தேன் என்று சொன்னது பொய் என்றான். குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. பரிசோதனை முடிவை வாசிக்கிற மாதிரி இருந்தது.

“நீரு மனுசனாய்யா?” கோமதிநாயகத்துக்கு மூச்சு வாங்கியது. “பத்து மாசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பிச்சக்காரன் மாதிரி உம்ம கனவக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். இவளுக்குச் சோத்தக் குடுத்துட்டு வாயிலேருந்து பிடுங்குதீரே!”

சாம்பசிவன் நடுவில் புகுந்தார். “மொதலாளி, பொறுங்க. வண்டி தேடுத கனவு சாமானியம் இல்ல. வண்டின்னா ஒடம்பு. ஒடம்பத் தேடி ஆத்மா அலையுததுதான் அப்படி வரும். கேக்குததுக்கு அதுவும் ஒரு வழிதான். அதையே எடுத்துக்கிட்டு...”

“வேண்டாம்” என்றாள் மாடம்மாள்.

“ஒரு சமாதானத்துக்குத்தான் சொல்லுதேன் அக்கா...”

“வேண்டாம்னா வேண்டாம் அண்ணாச்சி. எம்மவளுக்கு வாய் இருக்கு. வேணும்னா வந்து வாயால கேக்கட்டும். ஸ்கூட்டர அனுப்பிக் கேக்க வேண்டாம்.”

சாம்பசிவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கோமதிநாயகமும் பின்னாலேயே இறங்கிப்போனார். கீழே ஷட்டர் ஒரே இழுப்பில் மேலே போகிற சத்தம் கேட்டது. மாடம்மாள் வெங்கிடேஷின் கையிலிருந்து சேலையை வாங்கி, மடிப்புக் கலையாமல் தாம்பாளத்தில் வைத்தாள். பெட்டியை மூடவில்லை.

“நீலம்னதுமே எனக்குத் தெரியும்” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“கூரப்பட்டுக் கட்டித்தான அனுப்பினோம். அரக்கு. நான்தான் கட்டிவிட்டேன், நீங்க அங்கனதான் நின்னிய. போனவுக போன சேலையிலதான் வருவாக. நீலம்னிய. செரி, அங்க போயி மாத்திருப்பாளோன்னு நெனச்சேன். அவளுக்குப் பட்டு கட்டினா கழுத்து அரிக்கும்லா.”

வெங்கிடேஷுக்கு அந்த அரக்குப் பட்டு நினைவில் இல்லை. அங்கே நின்றது நினைவிருந்தது. காலடியில் சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் இருந்தது நினைவிருந்தது.

மாடம்மாள் விளக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். உட்காருங்கள் என்று கை காட்டினாள்.

“இப்பம் சொல்லுங்க. அன்னைக்குக் காலையில கண்ணு முழிச்சதுலேருந்து.”

“அத்தை...”

“நீங்க கையப் பிடிச்சிருந்தியன்னு நெனச்சுக்கிட்டு நான் அதுக்கு முன்ன நடந்தது ஒண்ணையும் கேக்கல்ல. கஞ்சி குடிச்சாளா?”

“ரெண்டு ஸ்பூன்.”

“உப்புப் போட்டா?”

“உப்பு கூடாதுன்னாங்க.”

“உப்பில்லாமக் குடிச்சாளா அவ?” மாடம்மாளுக்கு நம்ப முடியவில்லை. “அப்புறம்?”

“தல வாரிவிடச் சொன்னா. சிக்கு எடுக்க வரல்ல எனக்கு. நர்ஸ் வந்து வாரினா. ஷிஜான்னு பேரு.”

“நல்ல பிள்ளையா?”

“நல்ல பிள்ள. திரும்பி வந்தப்போ அவதான் நின்னா. சாரி சேட்டான்னா.”

“அவ முடிஞ்சப்போ அந்தப் பிள்ள பக்கத்துல நின்னுதா?”

“கேக்கல்ல அத்தை. அப்புறம் கேக்கப் போனேன், ஒரு மாசம் கழிச்சு. அயர்லாந்து போயிட்டான்னாங்க.”

மாடம்மாள் தலையை ஆட்டினாள். விளக்குத் திரியை விரலால் கொஞ்சம் இழுத்துவிட்டாள். இழுத்த விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். “நம்பரு வாசிச்சாங்கன்னிய. அதக் கேட்டாளா அவ?”

“அவதான் மொதல்ல கேட்டா. நான் கவனிக்கல்ல. ‘நம்ம வண்டியாக்கும்’னா. சாவியத் தேடினேன். ‘சாவி மாத்திர டப்பாக்குப் பின்னால இருக்கு’ன்னா. எடுத்துட்டுப் போனேன்.”

“அதுதான் கடைசியா?”

“அதுதான்.”

மாடம்மாள் அதை ஒருதரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அழுதாள். பத்து மாதத்தில் அவள் அழுது அவன் பார்த்த எல்லா அழுகையிலும் இது சத்தம் குறைவு. அவன் எழுந்து போகவில்லை. அழவும் இல்லை. தேற்ற ஒரு வார்த்தை தேடினான். எதைச் சொன்னாலும் இன்னொரு பொய்யாகிவிடும் என்று பயமாக இருந்தது. பயம் என்று ஒன்று வந்ததே அவனுக்குப் புதிதாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

“இன்னும் வருமா அந்தக் கனவு?”

“வரும்.”

“வந்தா வண்டிய அங்கனயே விட்டுத் தள்ளுங்க. யாருக்கு வழி அடச்சா நமக்கென்ன. மேல ஏறிப் போங்க.”

அவனுக்கு இது தோன்றியதே இல்லை. நூறு தடவையாவது அந்தத் தகரக்கூரைக்குக் கீழே நின்றிருப்பான். நான்காவது மாடி என்று ஒன்று அங்கேயும் இருக்கும் என்று ஒருதரம்கூட நினைத்ததில்லை.

“கனவுல நாம நெனச்சபடி நடக்க முடியாது அத்தை.”

“நெனச்சுப் பாத்தியளா?”

“இல்ல.”

“பின்ன?”

வருஷம் திரும்பிய நாள் வரைக்கும் ஆஷா யார் கனவிலும் வந்து கேட்கவில்லை. திதிக்கு வெங்கிடேஷ் போனான். ஐயர் சொன்னதைச் செய்தான். கோமதிநாயகம் அவனிடம் பேசவில்லை. ஆனால் பந்தியில் அவன் இலையைக் காட்டி, அங்க தயிர் விடு என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். கன்னிமூலையில் பழைய பெட்டிகள் இரண்டு மட்டும் இருந்தன, புதுப்பெட்டி இல்லை. அவற்றைச் சேர்த்துவைத்து நடுவில் இருந்த இடத்தை அடைத்திருக்கவில்லை. வெறுமனே விட்டிருந்தார்கள். நீலச்சேலையைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மறுத்துவிட்டானாம். மாடம்மாள் அதைச் சஜியின் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

எல்லோரும் கை கழுவப் போன பிறகு வெங்கிடேஷ் அடுக்களை வாசலில் வந்து நின்றான். மாடம்மாள் எச்சில் இலைகளை வாளியில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“செவ்வாக்கிழம வந்தது அத்தை.”

அவள் கை நின்றது.

“வண்டிய விட்டுட்டேன். படி ஏறினேன். ரெண்டாவது மாடி வரைக்கும் போனேன்.”

“அப்புறம்?”

“முழிச்சுட்டேன்.”

மாடம்மாள் வாளியை நகர்த்திவிட்டுச் சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள்.

“படியில ஆளு இருந்துதா?”

“இருந்துது. நெறைய பேரு எறங்கிக்கிட்டிருந்தாங்க. நான் மட்டும்தான் ஏறினேன்.”

“லிப்டு இல்லையா?”

“இருக்கு. கியூ நின்னுது. காத்திருக்கத் தோணல்ல.”

அவள் அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த எள்ளைத் தட்டிவிட்டாள். தட்டிய கையை உடனே எடுக்கவில்லை. அவன் தோள் ஆட ஆரம்பித்திருந்தது. என்ன ஆகிறதென்று முதலில் அவனுக்கே புரியவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கீழிருந்து மாமனார் யாரையோ சத்தம் போடுவது கேட்டது. மாடம்மாள் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, அவனை அழவிட்டு, மிச்ச இலைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.